கடதாசியில் ஐந்தடி எட்டு

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களை முன்கூட்டியே அழைத்து, நிறுத்து, அளந்து, இரத்தம் எடுத்து அனுப்புவது என் வேலை. உயரத்தைக் கேட்டால் ஆண்கள் ஒன்றிரண்டு அங்குலம் கூட்டித்தான் சொல்வார்கள். நிறையைக் கேட்டால் அநேகமாக எல்லோரும் குறைப்பார்கள். நான் வாதாடுவதில்லை. சப்பாத்தைக் கழற்றி, முதுகை அளவுகோலோடு ஒட்டி நிற்கச் சொல்லி, வந்ததை எழுதுவேன். வீட்டில் அளந்தபோது கூட இருந்ததே என்று சிலர் முறைப்பார்கள். வீட்டில் அளவுநாடா சுருங்கியிருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

ஊரையெல்லாம் இப்படி அளக்கிறவளின் உயரம்தான் எங்கள் வீட்டில் பொய். வெறுங்காலில் நான் ஐந்தடி பதினொன்று. கல்யாணக் குறிப்பில் ஐந்தடி எட்டு. அம்மா போட்டது.

"எங்கடை பெடியளுக்கு எட்டே கூட," என்பார் அம்மா. "உள்ளதைப் போட்டா ஒருத்தரும் போன் எடுக்க மாட்டினம்."

முதலில் சண்டை பிடித்தேன். பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டேன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஒரே ஒரு பயம்தான் மிஞ்சியிருந்தது, தானும் போய்விட்டால் நான் தனித்துப் போவேன் என்பது. அந்தப் பயத்தோடு யார் மல்லுக்கட்டுவது? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அம்மா என் முழங்கையைத் தொட்டு, "கொஞ்சம் குனியன்," என்று முணுமுணுப்பார். நானும் குனிவேன். குனிந்து குனிந்து கழுத்து நோ வந்ததுதான் மிச்சம். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, பற்றீஸ் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டுச் சொல்கிறோம் என்று போவார்கள். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அது எனக்கும் அம்மாவுக்கும் நன்றாகவே தெரியும்.

இந்த நிலைமையில்தான் ரொறன்ரோவில் இருக்கும் சித்தி ஒரு பேச்சுக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள், அமெரிக்காவில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை படிக்கும் காலத்தில் தன் கொலிஜ் அணியில் புட்போல் விளையாடியவர். காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசமும் தோளில் பெரிய மெத்தையும் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் மோதி விழுத்துகிற அமெரிக்கப் பந்து. அவருடைய அம்மா சாதகத்தோடு கொலிஜின் இணையப் பக்கத்தையும் அனுப்பியிருந்தார். அதில் அவருடைய பழைய படம். பக்கத்தில் உயரம் ஆறடி ஒன்று, நிறை இருநூற்று முப்பது இறாத்தல்.

அம்மா போனில் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

"இது புரோக்கர் சொன்னதில்லைப் பிள்ளை. கொலிஜ்காரன் போட்டது. அளக்காமலே போடுவினம்?"

தன் கையால் என்னை மூன்று அங்குலம் வெட்டியவருக்கு, இன்னொருவர் கூட்டிப் போடுவார் என்ற யோசனை வரவே இல்லை. அச்சில் வந்தது, அதுவும் அமெரிக்கக் கொலிஜ் போட்டது என்றால் எங்கள் ஆட்களுக்கு அது தேவவாக்கு. ஆறடி ஒன்றில் என்னைக் கழித்தால் இரண்டு அங்குலம் மிச்சம் வரும். அந்த இரண்டு அங்குலத்துக்காக அம்மா கோயிலில் அர்ச்சனையும் செய்தார்.

நானும் மாப்பிள்ளையும் போனில் கதைக்கத் தொடங்கினோம். அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம், எனக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வரும் நேரம். இன்றைக்கு யாரை அளந்தீர்கள் என்று கேட்பார். பதில் சொன்னால் இடையில் புகாமல் கேட்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வீடியோவில் வந்தாலும் இரண்டு பேரும் இருந்தபடிதான், தலையும் தோளும் மட்டும்தான் தெரியும். உயரத்தைச் சொல்லிவிட எத்தனையோ முறை வாய் திறந்தேன். அம்மா தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். "நேரிலை காணட்டும். ஆறடி ஒண்டுக்குப் பக்கத்திலை உன்ரை உயரம் தெரியவே தெரியாது." உண்மையைச் சொன்னால், சத்தியத்தைவிட, அந்த மூன்று அங்குலம் அவரைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம்தான் என் வாயை அடைத்தது.

உறவினர் கல்யாணத்துக்காக அவரும் தாய் தகப்பனும் லண்டன் வந்தார்கள். லூயிஷாம் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசையில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திப்பதென்று ஏற்பாடு. எங்கள் ஆட்களுக்குப் பிடித்த முறை இது. சரிவராவிட்டால், சாமி கும்பிடத்தானே வந்தோம் என்று இரண்டு பக்கமும் மானத்தோடு வீடு போகலாம். எந்தச் சேலை, எந்தக் கொண்டை என்பதிலிருந்து கடதாசி மாதிரி மெல்லிய செருப்பு வரைக்கும் அம்மாவே தீர்மானித்தார். ஆனால் கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவும் அதை மறந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளியே மழைத் தூறலில் மாப்பிள்ளை நின்றபோது என்னைவிடக் கொஞ்சம் உயரமாகத்தான் தெரிந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "பாத்தியே?" என்றார். உள்ளே போனோம். அவர் வாங்கில் குந்தி, தடித்த அடி வைத்த பூட்சின் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். ஒருமுறை தன் தாயை நிமிர்ந்து பார்த்தார். கழற்றிவிட்டு எழும்பியபோது அவருடைய கண் என் கண்ணுக்குக் கீழே இருந்தது.

தினமும் ஆட்களை அளக்கிற கண்ணுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. ஐந்தடி பத்து.

"குனியன்," என்றார் அம்மா என் காதுக்குள். பழக்கதோஷத்தில் நான் குனிந்தேன்.

பூசை முடிந்து, மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் மேசையின் ஒரு தொங்கலை விட்டுவிட்டுப் பெரியவர்கள் தள்ளி இருந்தார்கள். கடதாசித் தட்டில், பிரசாதமாகத் தந்த சர்க்கரைப் புக்கை ஆறிக்கொண்டிருந்தது.

"ஐஞ்சடி எட்டு எண்டு சொன்னவை," என்றார் அவர்.

"ஆறடி ஒண்டு எண்டு கொலிஜ் சொன்னது," என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் களைப்புத்தான் இருந்தது.

"முதல் வருசம் கோச் என்ரை உயரத்தைக் கேட்டவர். ஐஞ்சடி பத்து எண்டன். அவர் பேசாமல் ஆறடி ஒண்டு எண்டு எழுதினவர். மற்ற டீம் அதை வாசிச்சுப் பயப்பிடட்டுமாம். மற்ற டீமும் கூட்டித்தான் போடுறது. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"நிறை?"

"அதைப் பொய்யாக்கக் கூடாதெண்டு சாப்பிட்டன். வயித்துக்குள்ளை இடமில்லாமலும் சாப்பிட்டன். கடைசிவரை அங்கை போய்ச் சேரேல்லை." கரண்டியால் புக்கையைத் தள்ளினார். "படிப்பு முடியிற நேரம் காசுக்கு விளையாடுற பெரிய கிளப்புகளிலையிருந்து ஆள் எடுக்க வந்து வெறுங்காலோடை அளந்தவை. என்னை அளந்துபோட்டு 'தேங்க் யூ' எண்டு மட்டும் சொன்னவை. அதோடை என்ரை விளையாட்டு முடிஞ்சுது. வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னன். அவ முதலிலை நம்பேல்லை. கொலிஜ் பிழையாப் போடுமோ எண்டு கேட்டவ. இண்டைக்கு அந்தப் பூட்ஸும் அவ வாங்கித் தந்ததுதான்."

"இந்தப் பொய்யெல்லாம் எனக்கு அலுத்துப்போச்சு," என்றேன்.

"எனக்கும்தான்."

அவ்வளவில் பெரியவர்கள் எழும்பிவிட்டார்கள். அவருடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் அம்மாவிடம், "சரி, வீட்டை போய்க் கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்," என்றார். முன்னர் வந்தவர்கள் இதையே சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. இந்த முறை அழுகை வந்தது. அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"அன்ரி, ஒரு நிமிசம்," என்றார் அவர்.

என் அம்மாவைத்தான் கூப்பிட்டார். நேரே வந்து, திரும்பி, என் முதுகோடு தன் முதுகை வைத்து நின்றார். என்னிடம் வருகிறவர்கள் அளவுகோலோடு ஒட்டி நிற்பது மாதிரி, குதியைச் சேர்த்து, நாடியை நேரே வைத்துக்கொண்டு. நான் இன்னும் குனிந்தபடி நின்றேன்.

"நிமிருங்கோ," என்றார் எனக்கு மட்டும் கேட்க.

நிமிர்ந்தேன். கழுத்தில் நெட்டி முறிந்தது. புக்கை வாங்க வரிசையில் நின்ற சனம் முழுக்க எங்களைப் பார்த்தது.

"ஆர் உயரம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ, அன்ரி. உங்கடை வாயாலை."

அம்மா எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தார். பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என்ரை பிள்ளைதான்," என்றார். பிறகு குரல் உடைய, "என்ரை பிள்ளைதான் உயரம்," என்றார்.

அவர் தன் தாயின் பக்கம் திரும்பினார். "கேட்டனீங்களே அம்மா? எனக்கு இவவைத்தான் பிடிச்சிருக்கு. வீட்டை போய்க் கதைக்க ஒண்டுமில்லை."

அந்தத் தாயின் முகம் சரிவர மாதக்கணக்காயிற்று. அது தனிக்கதை, அதைச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தேன். அம்மா வந்து என் முழங்கையைத் தொட்டார். வழக்கமாகத் தொடுகிற அதே இடம்.

"போட்டிட்டு நிமிந்து நில்லு, பிள்ளை," என்றார்.