தறி வேலை என்று சொன்னேன்

என் மனைவி நெசவுக் குடும்பத்துப் பெண். நான் பித்தளைச் சாமான்களுக்குப் பாலிஷும் முலாமும் போடுகிறவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆரணி பக்கம் சேவூரில் குடியிருந்தோம். எனக்கு வந்த வேலையெல்லாம் குத்துவிளக்கு, கோயில் மணி, சாமி கவசம் இவைதான். சென்னையில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணி வந்தார். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது ஒரு துணிப்பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

பைக்குள் கிராமபோன் பெட்டியின் உறுப்புகள் இருந்தன. முள் செருகும் வட்டமான சவுண்ட் பாக்ஸ், அதைத் தாங்கும் வளைந்த குழாய், சாவி கொடுக்கும் கைப்பிடி. எல்லாமே ஒரு காலத்தில் தங்க முலாம் பூசியவை. கை பட்ட இடங்களில் முலாம் தேய்ந்து பித்தளை வெளியே தெரிந்தது.

"சரி பண்ணணும். ஆனா புதுசா பண்ண மாதிரி தெரியக் கூடாது" என்றார்.

அது எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த முலாம் பளபளக்கிற முலாம்தான். குழாய்க்குப் போட்டுக் காயவைத்திருந்தேன். தறியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாங்க இது, கவரிங் செயின் மாதிரி மினுக்கிகினு கீது."

பிறந்தது முதல் பட்டு நூலின் சாயத்தைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஒரே அரக்கு நிறத்தில் நாலு அரக்கு பிரிப்பாள். சமையலறையிலிருந்து சோடா உப்பை எடுத்துவந்து தண்ணீரில் குழைத்தாள். மெல்லிய பிரஷால் முலாம் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பளபளப்பு அடங்கி, மஞ்சள் மட்டும் மிச்சம் நின்றது. கடைக்காரர் அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். இன்னொரு பையைக் கொண்டுவந்து வைத்தார்.

அதில் இருந்தவை வெண்கல நிறத்து உறுப்புகள். அந்த நிறம் வர, முதலில் செம்பு ஏற்ற வேண்டும். பிறகு கந்தக உப்புக் கரைத்த வெந்நீரில் போட்டுக் கறுக்கவிட வேண்டும். முட்டை அழுகிய நாற்றம் வரும். எடுக்கும் நேரம் தவறினால் கரிச்சட்டி ஆகிவிடும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவள் பொருளைப் பார்ப்பாள். "போதும், எடுங்க" என்பாள். அவள் சொன்ன நேரம் ஒருநாளும் தப்பியதில்லை.

இரண்டு வருஷத்தில் அவள் தறியை விட்டுவிட்டுப் நான் வேலை செய்யும் பின்கட்டு அறைக்கு என்னோடு வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. ஆனால் வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடைந்த ஒரு சிங்கத் தலை, பூ வேலை செய்த ஒரு மூடி என்று ஏதாவது வந்தால் சின்னப் பிள்ளை போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முலாம் பிடிக்க வேண்டுமென்றால் பித்தளை சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு ஆசிட்டில் முக்கி எடுப்போம். முக்கியதும் பழுப்பு நிறத்தில் புகை எழும். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதை மூடிவைத்தது நான்தான். திறந்திருந்தால் தெருத் தூசி வந்து, முலாம் மேல் பூசிய ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கவலை. பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஜன்னல் மூடியே இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து அவளுக்கு இருமல் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்தால் நின்றுவிடுவாள். வேலூருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்.

"வீட்ல என்ன வேலை செய்றீங்க? புகை, தூசி, மருந்து ஏதாவது உண்டா?"

"பட்டுத் தறிங்க" என்றேன்.

முலாம் போடச் சயனைடு வேண்டும். அதைச் சென்னையில் தெரிந்தவர் மூலமாக, எந்தக் காகிதமும் இல்லாமல் வாங்கிவந்துகொண்டிருந்தேன். கேள்வி மேல் கேள்வி வரும், போலீஸ் வரைக்கும் போகும் என்று பயம். மனைவி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏன் தறின்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வேற இன்னா சொல்றது? பேஜாரா பூடும்."

"சரி" என்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

ஆசிட் ஜாடியைக் கொல்லைப்பக்கம் மாற்றினேன். ஜன்னலைத் திறந்தேன். அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னேன். ஆனால் கடைக்காரர் அவசரப்படுத்தியபோது, வெண்கல நிறம் எனக்கு மூன்று முறை கெட்டுப்போனபோது, "கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டவனும் நானே. அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "போதும், எடுங்க" என்பாள். எட்டு மாதம் இப்படியே ஓடிற்று.

அடுத்த தடவை வேலூரில் நான் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம், அவளே டாக்டரம்மாவிடம் முலாம் வேலையைச் சொல்லிவிட்டாள். நான் உள்ளே போனபோது டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவர் மேல தப்பு இல்லீங்க. நான்தான் தறின்னு சொல்லச் சொன்னேன்" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா திட்டவில்லை. "முதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த வேலைய அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அன்றே நிறுத்தியிருந்தால் நோய் இவ்வளவு முற்றியிருக்காதா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த கார்த்திகைக்கு அவள் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். களம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்துமா என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். வருஷத் திதி முடிந்த மறுநாள் எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் முழுவதையும் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யையும், அதை அம்மா தன் மேல் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். அந்த எட்டு மாதத்தையும் சொன்னேன்.

கையிலிருந்த தவலையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்னு அம்மாவா சொல்லிச்சி?"

"ஆமாம்."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பொங்கலுக்கு வரவில்லை. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுத்தார். "வேலையா கீது மாமா" என்பார்.

சென்னைக்காரருக்கு இனி முடியாது என்று சொல்லிவிட்டேன். மிச்சமிருந்த ஆசிட்டைச் சுண்ணாம்பு போட்டு அடக்கினேன். சயனைடு டப்பாவை அதைத் தந்த ஆளிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சேவூரில் ஒரு பவர்லூம் கொட்டகையில் நூல் சுற்றும் வேலைக்குப் போனேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். வாசலில் மகளின் செருப்பு கிடந்தது. உள்ளே என் சட்டைகளையெல்லாம் ஊறவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்லமா."

"உக்காருங்க. சோறு ஆவுது."

உட்கார்ந்தேன். அம்மாவைப் பற்றி அன்றைக்கு அவள் பேசவில்லை. இதுவரை பேசியதும் இல்லை.