அன்னார் வாரந்தோறும் செத்துப்போனார்

குளிர்காலத்தில் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் முதலில் மூக்கு நுனி மரத்துப்போகும், பிறகு கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளேயிருந்து கருவாடும் கறிவேப்பிலையும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்த மணம் வந்து முகத்தில் அடிக்கும், நான் விட்ட மூச்சே கண்ணாடியில் படிந்து எழுத்துகளை மறைத்துவிடும். அதைக் கையுறையால் துடைத்துத் துடைத்துத்தான் நான் தமிழ் வாசிக்கப் பழகினேன். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், மரக்கறிக் கடைக் கண்ணாடியில், உள்பக்கமிருந்து ஒட்டப்பட்ட மரண அறிவித்தல்களில்.

எங்கள் வீட்டில் அவற்றுக்கு "செத்தவீட்டு நோட்டீஸ்" என்று பெயர். ஊரில் யாராவது இறந்தாலும், பாரிஸுக்கு வெளியே சார்செலில் இறந்தாலும், கனடாவில் இறந்தாலும் லாச்சப்பல் கண்ணாடிக்கு வந்துவிடுவார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைபதம் எய்தினார் என்று தொடங்கி, "அன்னார்" என்று ஒரு சொல்லைப் போட்டு, அதற்குப் பிறகு யாருடைய மகன், யாருடைய மருமகன், யாருடைய மைத்துனர் என்று ஒரு குடும்பத்தையே வரிசையாக நிறுத்திவிடுவார்கள். எட்டு வயதில் எனக்கு அந்தச் சொல் ஓர் ஆளின் பெயராகத்தான் பட்டது. அன்னார் என்றொரு மனிதர் இருக்கிறார், ஊர் முழுக்க அவருக்குச் சொந்தம், எத்தனையோ மனைவிமார், எத்தனையோ பிள்ளைகள், பாவம், வாரந்தோறும் செத்துப்போகிறார். இதை ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னபோது அவர் நடைபாதையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்குமான பகிடியாகிவிட்டது. நான் ஒரு நோட்டீஸை எழுத்துக்கூட்டி வாசித்து, "அப்பா, அன்னார் திரும்பவும் செத்துப்போனார்" என்று சொல்வேன். அவர் சிரித்து, எனக்கு ஒரு "றோல்ஸ்", பொரித்த இறைச்சிச் சுருள், வாங்கித் தருவார். சாவைப் பற்றிய யோசனையே எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஓர் உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவினார். வெளியே எல்லோருக்கும் அவர் கனகண்ணை. குடியிருப்பு அட்டையில் கனகலிங்கம், குடும்பப் பெயர் பொன்னுத்துரை. நானும் தம்பி நிமலனும் அந்தப் பொன்னுத்துரையைத்தான் பள்ளிக்கூடத்தில் சுமந்தோம், ஆசிரியர்கள் அதை ஆளுக்கொரு விதமாய்க் கடித்துத் துப்புவார்கள். அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி. புருஷனுடைய பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது வழக்கம், எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோருடைய அம்மாமாரும் அப்படித்தான் இருந்தார்கள், அதனால் எங்களுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவின் ஊர்க்காரர் இரண்டு பேர் எப்போதாவது வருவார்கள், அவர்கள் "மச்சான்" என்று சொல்வார்கள். அலுமாரிக்கு மேலே ஒரு நீலக் கோப்பு, அதற்குள் "பப்பியே", அதாவது இந்த நாட்டில் எங்களை இருக்கவிடும் அத்தனை கடதாசிகளும். அதைத் தொட்டால் அடி விழும். அம்மா அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "வீட்டுக் கதை வெளியிலை கதைக்கப்படாது. பள்ளிக்கூடத்திலை ஒண்டும் சொல்லப்படாது." என்ன கதை, எதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒன்பது வயதில் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். தாத்தா பெயர் கேட்டேன். அப்பா நீலக் கோப்பை இறக்கி, ஒரு கடதாசியைப் பார்த்து, பொன்னுத்துரை என்றும் அவருடைய மனைவி நாகம்மா என்றும் சொன்னார். தன் தகப்பனின் பெயரைச் சொல்ல ஒரு மனிதன் ஏன் கடதாசி பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது படவில்லை. பச்சை வர்ணத்தில் இலை போட்டுக் கொடுத்தேன், ஆசிரியை சுவரில் ஒட்டினார், பெற்றோர் சந்திப்புக்கு வந்த அப்பா அதன் முன்னால் கனநேரம் நின்றார். பெருமையில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

அதே குளிர்காலத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. கண்ணாடியில் ஒரு புது நோட்டீஸ். பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கறுத்துப்போன முகம், நெற்றியில் விபூதி மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது. அப்பா கடைக்குள் போகக் கதவில் கை வைத்திருந்தார். நான் வழக்கம்போலச் சத்தமாகத் தொடங்கினேன். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி வேலுப்பிள்ளை அவர்கள். எய்தினார் என்ற சொல்லில் தடக்கி, திரும்பவும் வாசித்தேன். பிறகு தலையைத் திருப்பி, சிரித்துக்கொண்டே, எங்கள் பகிடியைச் சொன்னேன்: "அப்பா, அன்னார் திரும்பவும் செத்துப்போனார்."

அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. நான் விடாமல் வாசித்துக்கொண்டே போனேன், இராசேந்திரம் (பிரான்ஸ்), இராசமலர் (இலண்டன்) ஆகியோரின் பாசமிகு தந்தையும் என்ற இடம் வந்ததும் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். நோகும்படி இழுத்தார். உள்ளே போய்க் கத்தரிக்காய் வாங்கினோம், வெண்டிக்காய் வாங்கினோம், எனக்குரிய றோல்ஸையும் வாங்கித் தந்தார். நான் அதை நடந்துகொண்டே தின்றேன்.

அதற்கடுத்த ஒரு மாதம் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கவில்லை. கேட்டதற்கு அம்மா, "விரதம்" என்றா. அப்பா மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றபோது நானும் நிமலனும் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தோம், நிமலன் பிரெஞ்சில் ஏதோ பட்டப் பெயர் வைத்தான். அப்பாவும் எங்களோடு கொஞ்சம் சிரித்தார்.

முப்பது வருடம் எனக்கு ஒன்றுமே தெரியாது. இது பொய்யில்லை, நடிப்பில்லை, உண்மையாகவே தெரியாது. போன வருடம் இலண்டனில் அப்பாவின் சகோதரி, எங்களுக்குப் பெயரில்லாமல் வெறும் மாமி, வீட்டுக்குப் போயிருந்தபோது, மழைக்கு ஒதுங்கிய ஒரு நூலகத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அந்த நாட்டுக்கு முன்னொரு காலத்தில் பிழைக்க வந்த இத்தாலியர்களின் குடும்ப வரலாறு. ஐஸ்கிரீம் வண்டி, தேநீர்க்கடை வாசலில் நிற்கும் மனிதர்கள், தாள் மஞ்சளாகிப்போன கடிதங்கள். உள்ளூர்க்காரர் வாய்க்கு ஏற்றபடி தங்கள் பெயர்களை வெட்டிக்கொண்டவர்கள், வெட்டுவதற்கு முன்னே என்ன பெயர் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பேரன் பேத்திகள் வந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தால் அந்த நோட்டீஸ்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பிறந்த இடம், வாழ்ந்த இடம், சொந்தம் எல்லாம் ஒரே தாளில். பாரிஸ் திரும்பி, தெரிந்த நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, லாச்சப்பல் குடும்பங்களிடம் பழைய நோட்டீஸ்களைச் சேகரிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படிவம்: பேரன், பேத்தி, தாய், தகப்பன், பிறப்பிடம், வதிவிடம். யாழ்ப்பாணத்தில் தாத்தாவையும் பேரன், பாட்டியையும் பேத்தி என்றுதான் சொல்வோம், நோட்டீஸிலும் அப்படித்தான் வரும்.

முதல் படிவம் எங்கள் வீட்டுக்குத்தானே இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு பகல் பாரிஸ் புறநகரான கார்ஜுக்குப் போனேன். அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே நிமலனோடு இருக்கிறார். "அப்பா, பேரன்ரை பேர் பொன்னுத்துரைதானே?" என்று, எழுதிக்கொண்டே கேட்டேன். அவர் எழும்பிப்போய் நீலக் கோப்பைக் கொண்டுவந்தார். அடியிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஓரங்களில் ஒட்டுநாடா மஞ்சளாய்க் காய்ந்திருந்தது, ஒரு மூலை கிழிந்திருந்தது.

"இது ஆர் அப்பா?"

"என்ரை அப்பா. நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டினனி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மடிப்புக்கு வெளியே தெரிந்த அந்தக் கறுத்த முகத்தில் வெள்ளை விபூதியைப் பார்த்தேன். தன் தகப்பன் செத்த செய்தியை என் அப்பா என் வாயால் கேட்டிருக்கிறார், கடை வாசலில், பகிடியாக. இலண்டனில் இருந்த மாமி, அந்த நோட்டீஸின் இராசமலர், ஊர்க்காரர் சொல்லியிருப்பார் என்று இருந்திருக்கிறா, இங்கே நோட்டீஸ் அடித்த ஊர்க்காரர் மாமி சொல்லியிருப்பா என்று இருந்திருக்கிறார். இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அப்பா மற்றதையும் சொன்னார். நோட்டீஸில் இருந்த இராசேந்திரம் தான்தானாம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் எங்கேயோ பிடித்துக் கொடுத்த பிறப்பு அத்தாட்சியில் வந்தவராம். கனகலிங்கம் யாரென்று கேட்டேன். "அந்தப் பெடியன் ஆரெண்டு எனக்கும் தெரியாது. சின்னனிலை மோசம் போனவன் எண்டு ஏஜென்ட் சொன்னவன். அந்தப் பேரிலைதான் அகதிக் கேஸ் சொன்னன், அந்தப் பேரிலைதான் கார்ட் வந்தது. பிறகு மாத்தேலாது. உங்களிட்டைச் சொன்னா நீங்கள் பள்ளிக்கூடத்திலை சொல்லிப் போடுவியள்." யாரோ ஒரு தாயின் செத்துப்போன குழந்தையின் பெயரில் என் அப்பா நாற்பது வருடத்துக்கு மேலாக வேலைக்குப் போயிருக்கிறார், கல்யாணம் பதிந்திருக்கிறார், எங்களைப் பெற்றிருக்கிறார். சுவரில் ஒட்டிய என் பச்சை மரத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் குடும்பப் பெயர் அவர்களுடையது, என் மகளுடையதும் அதுதான். (இங்கே எழுதும் பெயர்களும் உண்மையான பெயர்கள் இல்லை. பயம் எனக்கும் இருக்கிறது.)

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாளே தான் கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். "நான் அதைப் பிரிச்சுப் பாக்கேல்லை. நீ வாசி. அண்டைக்கு நான் முழுக்கக் கேக்கேல்லை."

மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தேன். வயது நாற்பதைத் தொட்டிருந்தும் அன்று நான் மறுபடியும் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். அன்னார் என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தேன். அப்பா மேசையைப் பார்த்தபடி இருந்தார். இராசேந்திரம், இராசமலர் தாண்டி, மருமக்கள் தாண்டி, சகோதரர்கள் தாண்டி, சிறு வயதில் கையைப் பிடித்து இழுத்ததால் நான் போய்ச் சேராத கடைசி வரிக்கு வந்தேன். வந்து நின்றுவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டிப் போட்டாய்?"

"நிரோஜா, நிமலன் ஆகியோரின் அன்புப் பேரனும் ஆவார்" என்று வாசித்தேன்.

நிரோஜா நான்தான். அன்று இன்னும் மூன்று வரி வாசிக்க விட்டிருந்தால் நானே என் பெயரைக் கண்ணாடியில் கண்டிருப்பேன். அப்பா ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறார், எங்கள் பெயர்களை எழுதியிருக்கிறார், அந்த மனிதர் எங்களைத் தெரிந்துகொண்டுதான் செத்திருக்கிறார். தெரியாமல் இருந்தது நான் மட்டும். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையெல்லாம் உன் படிவத்தில் போடாதே, கார்டைப் பறித்துப்போடுவான்கள் என்றார். அவர் எப்போதோ பிரெஞ்சுக் குடிமகனாகிவிட்டவர், எழுபது வயது தாண்டியவர். அதைச் சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

திரும்பும் வழியில் லாச்சப்பலில் இறங்கி நடந்தேன். அந்த மரக்கறிக் கடை இப்போது கைத்தொலைபேசிக் கடை. மற்றக் கடைகளின் கண்ணாடிகளில் தள்ளுபடி விலையும் நடன அரங்கேற்ற விளம்பரமும்தான் இருக்கின்றன. அறிவித்தல்கள் எல்லாம் தொலைபேசிக்குள் போய்விட்டன. விரலால் தள்ளினால் ஒருவருக்குப் பின்னால் ஒருவராய்ப் போய்க்கொண்டே இருப்பார்கள், தாளாய்க் கழற்றி மடித்து வைக்க ஒன்றுமில்லை. என் மகள் தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். அன்னார் என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை, நான் வேலைக்குப் போக மெத்ரோவில் ஏறும் நேரத்தில் அப்பா அழைத்தார்.

"பிள்ளை, பேரைப் போடு."

"எந்தப் பேரை அப்பா?"

"என்ரை பேரை. என்ரை அப்பான்ரை பேரையும். ஆனா பக்கத்திலை பிரான்ஸ் எண்டு மட்டும் போடாதை. இராசேந்திரம் எண்டு ஒருத்தன் இஞ்சை வரேல்லை."

வேலுப்பிள்ளை மகன் இராசேந்திரம் என்று எழுதினேன். பிறப்பிடம் அளவெட்டி. வதிவிடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.