வெள்ளிக்கிழமையில் மீன் மணம்

அக்காவின் கத்தரிச்செடிகளைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று நடந்தது. மற்றது எட்டு வயதில் நான் சத்தியமாக நம்பியது.

அப்போது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் ஏன் விமானம் ஏறி வரவேண்டும், இந்தத் தெருவுக்கு வேண்டியதை இந்தத் தெருவே விளைவிக்கலாமே என்பது அவளுடைய வாதம். அப்பா வேலை செய்த உணவகத்தில் எறிகிற மயோனைஸ் வாளிகளைக் கொண்டுவரச் செய்து, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினாள். கீழ் வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண், இரண்டுக்கும் நடுவே பழைய சீலைத் திரி. ஓரத்தில் கீழ் வாளிவரை செருகிய குழாயில் ஒரு தரம் ஊற்றினால் போதும், ஐந்து நாளைக்குச் செடி தானே உறிஞ்சிக் குடிக்கும். பல்கனியில் இப்படிப் பதினொரு வாளிகள். "உடுப்புக் காயப்போட இடமில்லை, இவள் வாளி அடுக்கிறாள்" என்பது அம்மாவின் தினசரிப் பாராட்டு.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து மூன்று பேர் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் அடுத்த கோடையில் கல்லூரி மொட்டைமாடி முழுவதும் அக்காவின் வாளிகளுக்கு. பிடிக்காவிட்டால் இன்னொரு மாணவனின் காளான் பெட்டிகளுக்கு. அக்கா சாப்பாடு இறங்காமல் திரிந்தாள்.

நான் உதவத் தீர்மானித்தேன். மீன் கழுவிய தண்ணீரை அம்மா ஒருநாளும் வீணாக்கமாட்டாள். அது கறிவேப்பிலைச் சட்டிக்குப் போகும். அந்தக் கறிவேப்பிலை மொன்றியல் குளிரையே வெருட்டிக்கொண்டு வளர்ந்தது. கத்தரிக்கு மட்டும் வெறும் தண்ணீரா? வியாழக்கிழமை பின்னேரம் அம்மா எடுத்துவைத்த தண்ணீரைப் பதினொரு குழாய்களுக்கும் நேர்மையாகப் பங்கிட்டேன்.

வெள்ளி மத்தியானம் வெயில் ஏறியது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைபடாது. விளக்கேற்றப் போன அம்மா மூக்கைச் சுளித்து, பல்கனியால் எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆர் மீன் காய்ச்சிறது?"

கீழ் வீட்டு மாமி விடுவாரா? "நாங்களும் இண்டைக்குச் சைவம்தான் பிள்ளை! மணம் மேலயிருந்துதான் வருது!"

அதற்குள் பூனைகள் வந்துவிட்டன. வெளி இரும்புப் படிகளில், படிக்கொன்றாக, கோயில் சோற்றுக்குக் காத்திருப்பவர்கள்போல. கல்லூரியின் மூவரும் ஒவ்வொரு பூனையிடமும் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத்தான் ஏறிவந்தார்கள்.

மூவரில் மூத்த பெண்மணி ஒரு குழாயில் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "இதற்குள் என்ன ஊற்றினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பெருமையோடு கையை உயர்த்தினேன். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவளும் பிரெஞ்சில் சொன்னாள்: "நான்தான். மீன் கழுவிய தண்ணீர். எங்கள் வீடுகளில் அதைச் செடிக்குத்தான் ஊற்றுவோம். திறந்த மண் அதைத் தின்றுவிடும், மூடிய வாளியில் அழுகும் என்று நான் யோசிக்கவில்லை."

பெண்மணி சிரித்தார். "எறிகிறதைச் சாப்பாடாக்குவதுதானே உங்கள் திட்டம்? இதை ஏன் எழுதித் தரவில்லை?" என்று இரண்டு பக்கம் குறித்துக்கொண்டு, போகும்போது ஒரு கத்தரிக்காயும் பிடுங்கிப் போனார். அடுத்த கிழமை முடிவு வந்தது. மொட்டைமாடியில் பாதி அக்காவுக்கு, பாதி காளானுக்கு. ஒரே நிபந்தனை: வாளிகளில் தண்ணீர் மட்டும்.

எனக்கோ அந்த வெள்ளிக்கிழமையே வயிறு எரிந்தது. இரவுச் சாப்பாட்டில் அழுதேன். "அம்மா, என்ர ஐடியாவை அக்கா களவெடுத்திட்டா!"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓம் அம்மா, களவெடுத்திட்டன்" என்றாள்.

ஒரு கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பதினொரு வாளிகளையும் தனியே கழற்றிக் கழுவினாள். களவெடுத்ததற்கு நல்ல தண்டனை என்று நினைத்து, கதவடியில் நின்று நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.