முதலில் வருவதே எழுவாய்

கிரீன் கார்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. பர்ஸைத் திறந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில், கம்ப்யூட்டருக்கு மொழி கற்றுக்கொடுக்கும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்கத் தமிழ் வாக்கியங்கள் வரும். ஒவ்வொன்றிலும் எழுவாய் எது என்று குறிக்க வேண்டும். படித்தது என்ஜினீயரிங், பிழைப்பது எட்டாம் வகுப்பு இலக்கணத்தில். பக்கத்து மேஜையில் குரோஷிய மொழிக்கு ஒரு அம்மையார். ஐம்பது வயதிருக்கும், தன் ஊரில் மொழியியல் கற்பித்தவர். மதியம் ஆப்பிளைக் கத்தியால் சீவி எனக்கும் ஒரு துண்டு வைப்பார்.

ஆங்கிலத்தில் எழுவாய் ஒரு நாற்காலி என்பார் அவர். வினைக்கு முன்னால் அது போட்டே இருக்க வேண்டும். மழை பெய்தால்கூட யாராவது அதில் உட்கார வேண்டும். ஆள் இல்லையென்றால் 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஒரு 'இட்'டைப் பிடித்து உட்கார வைப்பார்கள். குரோஷிய மொழியில் இடம் பெரிதில்லை. பெயரின் வேற்றுமையும் வினையின் விகுதியும் எழுவாயைக் காட்டிவிடும். விகுதியே போதுமென்றால் எழுவாயைச் சொல்லாமலும் விடலாம்.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்றேன். 'மனிதனை நாய் கடித்தது' என்றால் மனிதன் முதலில் நின்றாலும் கடித்தது நாய்தானே. தன் மொழியிலும் மனிதனை முன்னால் வைத்து அதையே சொல்லலாம் என்று அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். எல்லா மொழிக்கும் ஒரே விதி என்று முடிவெடுத்தார்: வாக்கியத்தில் முதலில் வரும் பெயர்ச்சொல்லே எழுவாய். ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும், வேலையும் சீக்கிரம் முடியும். அம்மையார் மறுத்தார். மூன்று பேர் மட்டும் இருந்த மீட்டிங்கில், நாயையும் மனிதனையும் பலகையில் எழுதிவிட்டு என்னைக் காட்டினார். "இவரைக் கேளுங்கள். தமிழும் இப்படித்தான்."

மேனேஜர் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். தமிழ் தெரியாதவர்களை எதிரே வைத்துக்கொண்டு அவர்களைப் பற்றியே தமிழில் பேசுவது நம் ஆட்களின் பழக்கம். கடையில், லிஃப்டில் நானும் செய்திருக்கிறேன். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டால் போதும்.

"இந்தம்மா இம்சை தாங்கலப்பா. வேலைய முடிக்கவே விட மாட்டேங்குது. வெள்ளிக்கிழமையோட அனுப்பிடலாம்னு இருக்கேன். அந்த ஃபைல நீ பாத்துக்கோ."

"சார், எனக்கு அந்த லாங்குவேஜ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவங்க சொல்றதும் கரெக்ட்தான் சார்."

"கரெக்டுனு எனக்குத் தெரியாதா? நானும் தமிழ் மீடியம்தான்யா. உன் கிரீன் கார்டு பேப்பர் என் டேபிள்ல கெடக்கு. நான் சைன் பண்ணணும். பாத்துப்பியா, மாட்டியா?"

"பாத்துக்கறேன் சார்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். அந்த ஆள் மிரட்டியதைக்கூட மறந்துவிடலாம். அந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஈயென்று இளித்தேனே, அதை மறக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக வாதாடினீர்கள். மொழி புரியவில்லை, ஆனால் குரலிலேயே தெரிந்தது. நன்றி."

இல்லை என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவர் வேறு வேலை தேடியிருக்கலாம், மேலிடத்தில் முறையிட்டிருக்கலாம். "பரவாயில்லை" என்றேன். அன்று மதியமும் ஆப்பிள் துண்டு வைத்தார். தின்றேன்.

திங்கட்கிழமை அவர் மேஜை காலியாக இருந்தது. அவர் ஃபைலைத் திறந்து, எது பெயர், எது வினை என்றுகூடத் தெரியாமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் சொல்லைக் குறித்துக்கொண்டே போனேன். நடுவில், ஓரத்தில் அவர் எழுதிவைத்த ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருந்தது.

'அடுத்து இந்த வேலையைச் செய்பவருக்கு: இந்த விதி தவறு. நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்து மேஜையில் இருக்கும் தமிழ் நண்பரைக் கேளுங்கள். அவர் பயப்படாமல் சொல்வார்.'

ஓரத்தில் குறிப்பு இருந்தால் ஃபைலை முடித்து அனுப்ப சிஸ்டம் விடாது. அழித்தேன். அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லைக் குறித்தேன்.