ஒற்றைக் கொம்பு ரவுட்டர்

எங்கள் தெருவில் கேபிள்காரன் பன்னீர்செல்வத்தைத் திட்டாத பெண்பிள்ளை கிடையாது. சீரியல் நேரத்தில் படம் நின்றால் அவன் தலைதான் உருளும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வருவான். "அழுவுற சீனுக்குள்ள போட்டுடறேன்மா" என்பான். பக்கத்து ஊர் சந்தவாசல்காரன். மொட்டை மாடிகளில் குடை ஆன்டெனா ஏறிய காலத்திலிருந்து ஆரணியில் கம்பம் ஏறியவன். ஒயரைப் பல்லால் உரித்து உரித்து முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது. அவனுக்கு நான் செய்தது பாவம். அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2008இல் கேபிள் ஒயரிலேயே இன்டர்நெட் வந்தது. என் வீட்டுக்காரர் பாலுவுக்குப் பட்டுப்புடவை வியாபாரம். கொல்லையில் வெளிச்சத்தில் புடவையை விரித்து, போட்டோ எடுத்து, அங்கேயே லேப்டாப்பை வைத்து பெங்களூர் கடைக்கு அனுப்பவேண்டும். கூடத்திலிருந்து ஒயர் இழுத்தால் நடுவில் இரண்டு தறி, காலில் சிக்கும். "ஒயர் இல்லாம வர்ற ரவுட்டர் ஒண்ணு வாங்கிடலாம்மா" என்றான் பன்னீர். கடைக்கும் அவனே கூட வந்தான்.

கடைக்காரர் கொம்பு மாதிரி மூன்று ஆன்டெனா வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். பன்னீர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். "இது போன் லைனுக்குங்க. நம்மளது கேபிளு. மோடம் ஒயரைச் சொருக இதுல இடமே இல்ல" என்றான். அடுத்து இரண்டு கொம்பு வந்தது. "உங்க வீட்டுக்கு ஒத்தக் கொம்பே தாராளம்மா. எதுக்கு வீண் செலவு?" என்று சொல்லிவிட்டான். கடைக்காரர் முகம் சுண்டிப்போனது.

வாங்கிய ஒற்றைக் கொம்பைக் கூடத்துச் சுவர்ப் பலகையில் வைத்து மாட்டிக் கொடுத்தான். கொல்லையில் பார்த்தால் நெட் பறந்தது. "திறந்த இடத்துலயே இருக்கட்டும்மா, மூடிகீடி வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் விலையுள்ள சாமான் எதுவும் வெளியே இருக்காது. பட்டு, ஜரிகை, நகை, பத்திரம் எல்லாமே இரும்பு பீரோவில்தான். புடவை பார்க்க நாலு பேர் வந்துபோகிற கூடம். பச்சை விளக்கு எரிகிற புது சாமானில் கண் வைக்காமல் எவள் போவாள்? மறுநாளே அதை பீரோவுக்குள் வைத்தேன். பின்தகட்டில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது, ஒயர் நுழைக்க வசதி. மேலே பழைய வேட்டியைப் போர்த்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "டப்பா எங்கே?" என்றார் வீட்டுக்காரர். "பத்திரமா இருக்குது" என்றேன். அவருக்கு அது போதும்.

அன்றிலிருந்து கொல்லையில் நெட் இல்லை. பத்து நாள் போட்டோ போகாமல், பெங்களூர்க் கடை வேறு ஆளிடம் புடவை வாங்கிவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பன்னீர் வாசலுக்கு வந்து, "ஒருதடவை உள்ள வந்து பார்த்துடறேன்மா" என்றான். பீரோவை வெளியாளுக்குத் திறந்து காட்டுவேனா நான்?

"நீ பார்த்த வரைக்கும் போதும்! கடைக்காரரு நல்லதைத்தான் காட்டினாரு. நீ மட்டமானதை என் தலையில கட்டினே. எவ்ளோ கமிஷன் அடிச்சே?"

தெருவே பார்த்தது. அவன் சிரிக்காமல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அதோடு விட்டேனா? கேபிள் ஆபீசுக்கே போய் முதலாளியிடம் அதையே சொன்னேன். அந்த வாரமே அவன் சீட்டு கிழிந்தது.

ஆடி மாதம் என் மகள் பானுப்ரியா ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். அவள் லேப்டாப்போடு கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். நான் புடவை எடுக்க பீரோவைத் திறந்தேன். "யம்மா, நெட் வந்துடுச்சு!" என்று கத்தினாள். மூடினேன். "ஐயோ, போச்சு!" எழுந்து வந்து பார்த்தாள். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, என் முகத்தைப் பார்த்தாள்.

"இரும்புக்குள்ள பூட்டி வெச்சா எப்டிம்மா வரும்?" விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாலு நாள் கேபிள் ஆபீசுக்குப் போகச் செருப்பைப் போட்டேன், கழற்றினேன். அவனைத் திருடன் என்று தெருவில் கத்தின வாய், தப்பு என்னுடையது என்று சொல்லக் கூசியது. டப்பாவை மட்டும் எடுத்துப் பழைய பலகையில் வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் துணிச்சல்.

மூன்று மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கண்ணமங்கலத்தில் ஏதோ கடையில் மூட்டை தூக்குகிறானாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனே கிட்டே வந்தான்.

"நல்லா இருக்கீங்களாம்மா? நெட்டு வந்துகினு இருக்குதுங்களா?"

"வருதுப்பா."

"டப்பாவை மாத்திட்டீங்களா?"

இப்போதாவது சொல்லடி பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. "மாத்திட்டேன்" என்றேன்.

"நல்லதுங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன். ரெண்டு கொம்புதான் வாங்கியிருக்கணும். எனக்கு அவ்ளோ தெரியலம்மா, மனசுல வெச்சிக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்தேன். பலகையில் அதே ஒற்றைக் கொம்பு டப்பா. கொல்லையிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "பொன்னம்மா, போட்டோ எல்லாம் போயிடுச்சு. இன்னிக்கு இன்னா ஜல்தியா போவுது பாரு!"