ரஞ்சனி கையெழுத்துப் போடாத தாள்

என் தங்கை ரஞ்சனிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இது தெரியாதவர்கள் அவளைச் சாது என்று நினைத்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த எழிலரசன் அப்படித்தான் நினைத்தார். வங்கியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் பெயரை எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது முடித்தவள் அவள் ஒருத்திதான். நான் எட்டாவதோடு நின்றேன். படிப்பு முடிந்த கையோடு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். பிரேக் குழாயில் கசிவு பார்க்கிற வேலை. குழாயைத் தண்ணீரில் முக்கி, உள்ளே காற்றை ஏற்றி, குமிழி வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். அவள் பார்த்து அனுப்பிய பெட்டியை மறுபடி யாரும் திறப்பதில்லை என்று அவளுடைய சூப்பர்வைசரே என்னிடம் சொல்லியிருக்கிறார். புருஷன் வேண்டாம் என்று முடிவு செய்து வந்த வாரத்தில்கூட ஒரு ஷிஃப்ட் லீவு போடவில்லை. இன்றைக்கு அந்த லைனுக்கு அவள்தான் லீடர்.

இந்தப் பக்கம் கான்ட்ராக்டில் இருக்கிற எந்தப் பெண்ணின் பர்ஸைத் திறந்தாலும் நாலைந்து ஏடிஎம் கார்டு இருக்கும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம், புதிதாக வருகிறவர் தனக்குப் பழக்கமான வங்கியில் சம்பளக் கணக்கு திறக்கச் சொல்வார். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுவதற்குள் கைரேகை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய கணக்கை மூட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பணம்தான் இல்லையே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ரஞ்சனியும் விட்டாள்.

சம்பளம் வருவது நின்றதும் அந்த வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றியது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதாமாதம் அபராதம் போட்டது. இல்லாத பணத்திலிருந்து அந்த அபராதத்தைப் பிடித்தது. கடைசியில், இவள் இருப்புக்கு மேல் ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கிக் கட்டாமல் போனவள் என்று, எல்லோருடைய கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கிற சிபிலில் ஏற்றிவிட்டது.

வீடு வாங்கப் போனபோதுதான் இது தெரிந்தது. வல்லக்கோட்டைப் பக்கம் சின்ன வீடு. ஒரு படுக்கையறை, வெளிச்சமான சமையலறை. வாடகை வீட்டில் ஓனர் எப்போது மோட்டார் போடுவார் என்று குடத்தோடு காத்து நின்றது போதும் என்று, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கொடுத்தாள். வீட்டுக்கடன் கம்பெனி, சிபில் சரியில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பியது.

அந்தக் கிளைக்கு அவளோடு நானும் போனேன். நல்ல கூட்டம். எழிலரசன் கணினியைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஓவர்டிராஃப்டைக் கட்டாம ஏமாத்திட்டு, இப்ப வீடு வாங்கக் கிளம்பிட்டியாம்மா? கம்பெனிப் பொண்ணுங்களுக்கு இதே வேலையாப் போச்சு."

"நான் கடனே கேக்கலயே சார்."

"சிஸ்டத்துல இருக்கு. சிஸ்டம் பொய் சொல்லுமா? கட்டிட்டு வா, மாத்தித் தரேன்."

அன்றைக்கு அவள் சத்தம் போட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றேன். போடவில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதை ரஞ்சனி பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கேட்ட தொகை ஒரு நல்ல சுடிதார் விலைகூட இல்லை. வெளியே வந்ததும், "கட்டித் தொலையேன்டி, வூடு போயிடப் போவுது" என்றேன்.

"கட்டுனா, வாங்குனேன்னு ஒத்துக்கினு கட்டுன மாதிரி. நான் வாங்கலக்கா."

புகார் எழுதிக் கொடுத்தாள். எழிலரசன் சீல் போடாமல் மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். திரும்பத் திரும்பப் போனோம். "மேல அனுப்பியாச்சும்மா" என்றார். மாதங்கள் போயின. வீட்டை விற்க இருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. அதற்குப் பிறகு ரஞ்சனி, வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் போட்டாள். அப்போதுதான் தெரிந்தது, எழிலரசன் எதையும் மேலே அனுப்பவே இல்லை.

புகார் போன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிபிலில் இருந்த கறை போனது. எழிலரசனே போன் செய்தார். "மேடம்" என்றார். கிளைக்கு வரச் சொல்லி, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காபி வாங்கிவரச் சொன்னார். ரஞ்சனி காபியைத் தொடவில்லை. நான் குடித்தேன்.

இப்படிப்பட்ட தவறைத் திருத்தாமல் இழுத்தடித்தால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதன்படி வருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், நாற்பத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், இனி இது பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்று அதில் இருந்தது.

"வாங்கிக்கோடி" என்றேன், அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்ததும். "முன்பணத்துல போனது வந்துடும். இன்னொரு வூடு பாக்கலாம்."

"எல்லார் முன்னாடியும் என்னைத் திருடின்னு சொன்னான். இப்ப ரூமுக்குள்ள கூப்புட்டு துட்டு தரானாம்."

"உனக்கு இன்னாதான் வோணும்?"

"அவன் அழுவணும்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பயமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் லைனில் வேல்விழி என்று ஒரு பெண். வள்ளியூர்ப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஏறியதும் ரஞ்சனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, பேங்க்காரன் ஒங்களுக்குத் துட்டு தாரானாமே?"

"யாருடி சொன்னது?"

"பஸ்ஸு பூராப் பேசுதாவ. என்னட்டயும் அதே கார்டு கெடக்கு. ஸ்கூட்டிக்கு லோன் கேட்டேன், கெடையாதுன்னுட்டானுவ. என்னன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கானுவ."

ரஞ்சனி எழுந்து நின்று, அந்த வங்கிக் கார்டு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். பஸ்ஸில் பாதிப் பேருடைய கை உயர்ந்தது. அவள் ஒருத்தி வாயை மூடினால் பஸ்ஸே வாயை மூடிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் நாற்பத்தைந்தாயிரம் தர வந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இதற்குப் பிறகு அவள் கையெழுத்தும் போடவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழிலரசன் போன் செய்யும்போதெல்லாம், "யோசிச்சுகினு கீறேன் சார்" என்றாள். அந்த நாட்களில் டீ பிரேக்கிலும் சாப்பாட்டு வேளையிலும் ஒவ்வொரு பெண்ணின் போனிலும் சிபிலை எடுத்துக் காட்டினாள். கறை இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தாள். கசிவு பார்க்கிற கண் அல்லவா, ஒன்றையும் விடவில்லை.

நைட் ஷிஃப்ட் வந்த வாரத்தில் ஒரு காலை, வேலை முடிந்து வந்த பஸ்ஸிலிருந்து எல்லோரும் ஸ்ரீபெரும்புதூரிலேயே இறங்கினார்கள். யூனிஃபார்மை மாற்றவில்லை. டீக்கடையில் பன் தின்றுவிட்டு, வங்கி திறந்ததும் உள்ளே போனார்கள். நானும் போயிருந்தேன். அதை விடுவேனா?

எழிலரசன் எழுந்தே விட்டார். "என்ன மேடம் இவ்ளோ பேரு? இதெல்லாம் ஆன்லைன்லயே போடலாமே."

"போட்டாச்சு சார். இது உங்க கையால சீல் வாங்குறதுக்கு."

ஒவ்வொருத்தியும் புகாரை நீட்டினாள். வாங்க வேண்டும், நகலில் சீல் குத்த வேண்டும், தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கூட்டத்தில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். வேல்விழி உரக்கச் சொன்னாள்: "நாங்க வாங்காத கடனுக்கு எங்களக் களவாணின்னு எழுதி வச்சிருக்காவ." பிறகு அவரிடம் திரும்பி, "சார், எனக்கு சீலு சரியா விழல. மறுக்கா குத்துங்க" என்றாள்.

அவர் மறுபடி குத்தினார். நெற்றி வேர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடுவில் ரஞ்சனி பக்கம் குனிந்து, "மேடம், அந்த லெட்டர் சைன் பண்ணிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசை மேல் விரித்தாள். "இந்த வரிதான் சார் இடிக்குது. யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு கீது. நான் பேசிட்டேனே."

பெண்கள் சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டார்.

ஓம்பட்ஸ்மேனிடம் போனதில் விதிப்படி உள்ளது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தது. நாற்பத்தைந்தாயிரத்தில் பாதிகூட இல்லை. மற்றப் பெண்களுடைய கறையும் ஒவ்வொன்றாகப் போனது. வேல்விழி ஸ்கூட்டி எடுத்துவிட்டாள். ரஞ்சனி இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு நஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கிளைக்குள் இப்போது அவள் நுழைந்தால், யாரும் கைப்பையை அணைத்துக்கொள்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு செய்தி கேள்விப்பட்டேன். எழிலரசன் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம். அவளிடம் சொன்னால் குளிர்ந்துபோவாள் என்று ஓட்டமாக வந்து சொன்னேன். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னிக்கொண்டே, தணிந்த குரலில் கேட்டாள்.

"எந்த ஊருக்காம்? கேட்டு வையக்கா."