யூரியா போடாத பாத்திகள்

எண்பதுகளின் கடைசியில், நசரத்பேட்டையில் ஒரு குத்தகை வயலில் நான் ஆறு நெல் ரகங்களைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன். முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஒவ்வொரு ரகத்துக்கும் சில பாத்திகளில் யூரியா, சில பாத்திகளில் ஒன்றும் கிடையாது. யூரியா தரும் தழைச்சத்தை எல்லா நெல்லும் ஒரே மாதிரி செலவழிப்பதில்லை. ஊதாரி ரகம் போட்டதையெல்லாம் தழையாக்கி வளர்ந்து, கதிர் வந்ததும் சாய்ந்து படுத்துவிடும். சிக்கன ரகம் மண்ணில் இருக்கிற கொஞ்சத்தையும் தேடி எடுத்து மணியாக்கும். அந்தச் சிக்கனக்காரியைக் கண்டுபிடித்தால் எனக்குப் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு பருவம்.

இன்னொரு பருவம் என்றால் பூந்தமல்லி ஒற்றை அறையில் இன்னொரு பருவம். எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கே ஒரு நாதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடிவதற்குள் எழுந்துவிடுவேன். வாசலில் நின்று, யாரும் பேசாமல் போவதைப் பார்ப்பதற்கு அது மேல்.

என்னோடு பேசியது பக்கத்து வயல்காரரின் மனைவி மட்டும்தான். அக்கா என்று கூப்பிடுவேன். களை எடுக்க வரும்போது வரப்பில் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்பார். பாதிப் பயிர் ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒருநாள் விசாரித்தார். எந்த ரகம் உரமில்லாமல் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கத்தான், சத்து போதாவிட்டால் பயிர் கீழ் இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும் என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார். பாவம், பாதி வயலுக்குத்தான் யூரியா வாங்க முடிந்திருக்கிறது, ரோஷக்காரி எதையோ சொல்லிச் சமாளிக்கிறாள் என்று அவர் முடிவு கட்டியது எனக்கு அப்போது தெரியாது.

பயிர் தூர் கட்டும் நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் அறையிலேயே கிடந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் வயலுக்குப் போனேன். பட்டினிப் பாத்திகள் எல்லாம் பச்சைப்பசேலென்று நின்றன.

அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, ஜொரமா? ஒரு வாரமா உன்னக் காணோமேன்னு பாத்துகினே இருந்தேன். பயிரு வெளுத்துப் போயி கேக்க ஆளில்லாம கீது. அதான் எங்க மூட்டைல மிஞ்சினத வாரி உட்டேன்."

ஆராய்ச்சி பாழ். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. நான் காணாமல் போனதை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே என்னைத் திட்ட விடவில்லை. மறுநாள் என் பேராசிரியர் வந்தார். அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. வரப்பில் நின்று அக்காவைக் கண்டபடி பேசினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியபடி கேட்டுக்கொண்டு நின்றார். நான் தடுக்கப் பார்த்தேன். என் குரல் அவர் சத்தத்தில் எடுபடவில்லை.

அடுத்த பருவம் எல்லாம் சுத்தமாக நடந்தது. ஒரு குட்டை ரகம் யூரியா இல்லாமலே நன்றாக விளைந்தது. பேராசிரியர் முதுகில் தட்டினார். அக்கா என் வரப்புக்கு வரவே இல்லை. தன் வயலுக்கே சுற்றுவழியாகப் போனார். நான் கூப்பிட்டால், "வேல கீதும்மா" என்று நிற்காமல் நடந்தார்.

அந்தப் பருவம் முழுக்கக் காலையில் வயலுக்குள் இறங்கும்போது, அந்த மஞ்சள் பாத்திகள் மறுபடி பச்சையாகியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.